கடவுளை வாக்கெடுப்புக்கு விட்ட சபை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேனி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். 'இந்தியா', 'பாரதம்' என்று அண்மையில் எழுந்த பெயர்ச் சண்டையையும், 1949ஆம் ஆண்டு, நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் அதே பெயர்களுக்காக நடந்த விவாதத்தையும் அடுத்தடுத்து வைத்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் பன்னிரண்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் விழாவில் அந்தச் சபையையே ஒரு சிறு நாடகமாகப் போட்டார்கள். அரங்கம் முழுக்கச் சிரிப்பு.

நாடகம் முடிந்ததும், விழாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கி, "நாட்டை உருவாக்கிய தலைவர்களை இப்படிக் கேலிப்பொருளாக்கலாமா?" என்று மனம் வருந்திப் பேசினார். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் அன்றிலிருந்து குழப்பம்.

உங்களிடம் மூன்று கேள்விகள். அந்தச் சபையில் உண்மையிலேயே அவ்வளவு சிரிப்பு இருந்ததா, அல்லது நீங்கள் சுவைக்காகக் கூட்டி எழுதினீர்களா? அன்று இருந்தவர்கள் மேதைகள். அவர்களுடைய விவாதத்தையும் இன்றைய கூச்சலையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமா? என் மாணவர்களில் பலர் அடுத்த தேர்தலில் முதல் வாக்கைப் போடப்போகிறவர்கள். அரசியலைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு அதன் மீது மதிப்பு எப்படி வரும்?

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு பத்திகளில் முடிந்துபோகும் ஒரு சபையை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

சிரிப்பு இருந்தது. நான் கூட்டியது எதுவும் இல்லை. சபையின் நடவடிக்கைகள் சொல்லுக்குச் சொல் குறிக்கப்பட்டு அச்சாகியிருக்கின்றன. உறுப்பினர்கள் சிரித்த இடங்களில் 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டே வைத்திருக்கிறார்கள். அதைக் குறித்த சுருக்கெழுத்தாளர்களுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் 1949 அக்டோபர் 17. அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரையை அன்றுதான் எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் பிரிவுகளும் முடிந்த பிறகு முகவுரைக்கு வருவது என்று வைத்திருந்தார்கள். 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்கும் அந்த வாசகத்துக்கு முன்னால் 'கடவுளின் பெயரால்' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று ஹரி விஷ்ணு காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மங்களூரில் பிறந்தவர், ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். ஆட்சிப் பணியை விட்டுவிட்டுச் சுபாஷ் சந்திர போஸுடன் போனவர். அரசியல் நிர்ணய சபையில் அதிகம் எழுந்து பேசியவர்களில் ஒருவர். ஷிப்பன் லால் சக்சேனா எழுந்தார். கடவுள் மட்டும் போதாது, காந்தியின் பெயரும் வேண்டும் என்றார். அசாமைச் சேர்ந்த ரோஹிணி குமார் சவுதரி எழுந்தார். அவர் காமாக்யா தேவியின் நாட்டுக்காரர். 'சக்தியை வழிபடும் எங்களை மறந்துவிட்டு ஆண் கடவுளை மட்டும் அழைப்பதா? தேவியின் பெயரால் என்று திருத்துங்கள்' என்று கேட்டார். பட்டம் தாணு பிள்ளை, நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயப்படுத்துவதாகிவிடும் என்றார். ஹிருதயநாத் குன்ஸ்ரு, தனிமனிதரின் மனச்சாட்சிக்கு உரியதை எல்லோர் மீதும் சுமத்தக் கூடாது என்றார். பூர்ணிமா பானர்ஜி காமத்திடம் மன்றாடினார்: கடவுளின் மீது வாக்களிக்க வேண்டிய சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள்.

காமத் அசையவில்லை. திருத்தத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். எனவே வாக்கெடுப்பு நடந்தது. கடவுளுக்கு ஆதரவாக 41 வாக்குகள், எதிராக 68. கடவுள் தோற்றார். "நம் வரலாற்றில் இது ஒரு கறுப்பு நாள். கடவுள் இந்தியாவைக் காப்பாற்றட்டும்" என்றார் காமத்.

காந்தியின் பெயர் என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிரஜேஷ்வர் பிரசாத் அதை எதிர்த்தார். காந்தி மீது இருந்த மதிப்பினால்தான் எதிர்த்தார். இது காந்திய அரசியலமைப்பே இல்லை, இந்தச் சீர்கெட்ட சட்டத்துக்குள் அவருடைய பெயரை இழுக்காதீர்கள் என்றார். தாமும் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக உருவாக்கிக்கொண்டிருந்த சட்டத்தை அதன் முகவுரை நிறைவேறும் நாளில் அந்த வார்த்தையால் சொன்னார். யாரும் அவரைத் தேசத்துரோகி என்று அழைக்கவில்லை.

அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். பிரிவினையில் லட்சக்கணக்கானவர்கள் மதத்தின் பெயரால் கொல்லப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. காந்தி சுடப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தச் சபையில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள். தலைவர் ராஜேந்திர பிரசாத் ஆழ்ந்த பக்தர். அப்படிப்பட்டவர்கள் கூடி, கடவுளின் பெயரைச் சேர்ப்பதா என்று பேசி, சிரித்து, கெஞ்சி, கைகளை எண்ணி, சேர்க்க வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டு அடுத்த திருத்தத்துக்குப் போனார்கள். நம்பாத ஒருவர் மீதும் தங்கள் நம்பிக்கை ஏறக் கூடாது என்று நம்பிக்கையாளர்கள் எடுத்த முடிவு அது. ரோஹிணி குமார் சவுதரி தேவியை அழைத்த அந்த நொடியில் எழுந்த சிரிப்புக்கு அந்த முடிவில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். யாருடைய கடவுள் என்ற கேள்வியை அவர் ஒரே வாக்கியத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். ஒரு மணி நேரச் சொற்பொழிவால் அது முடிந்திருக்காது.

தலைவர்களைக் கேலி செய்கிறோமா என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. அவர்களை நம்மைவிட அதிகமாகக் கேலி செய்தவர்கள் அவர்களேதான். கே. ஹனுமந்தையா, 'வீணை அல்லது சிதாரின் இசையைக் கேட்க ஆசைப்பட்டோம், வந்து சேர்ந்தது ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம்' என்றார். நசிருத்தீன் அகமது, அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, 'டிராஃப்டிங்' என்பதை 'டிரிஃப்டிங்' ஆக்கி, திசை தெரியாமல் மிதக்கும் குழு என்று பெயர் வைத்தார். அம்பேத்கர் அதை மறக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் அதற்குப் பதில் சொன்னார். வேண்டிய மீனைத் தெரிந்த நீரில் தேடுவதைப் போல, இன்னும் நல்லதைத் தேடிப் போவது திசையில்லாமல் மிதப்பது ஆகாது என்றார். தவறு செய்தபோது அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளும் நேர்மையும் துணிவும் குழுவுக்கு இருந்தன என்றார். நசிருத்தீன் அகமதைத் தகுதியுள்ளவர் என்று சபை கருதி நியமித்திருந்தால் வரைவுக் குழு அவரை வரவேற்றிருக்கும்; அவருக்கு இடம் கிடைக்காதது குழுவின் குற்றம் ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். உலகத்தின் மிக நீண்ட அரசியலமைப்புச் சட்டங்களில் ஒன்றை எழுதி முடித்த மனிதர், அதன் வெற்றிவிழாப் பேச்சில், தன்னைக் கேலி செய்தவருக்கு அளந்து ஒரு குட்டு வைக்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு உற்சாகம் தருகிற இடம் இது.

சுதந்திர நள்ளிரவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு, நீங்கள் அறிந்திருக்கலாம். 1947 ஆகஸ்ட் 14 இரவு சபை முடிந்ததும் நேருவும் ராஜேந்திர பிரசாத்தும் மவுண்ட்பேட்டனைப் பார்க்கப் போனார்கள். அவரைத் தலைமை ஆளுநராக இருக்கும்படி முறைப்படி அழைப்பதற்காக. பேசவேண்டிய வாசகம் பிரசாத்துக்குப் பாதியில் மறந்துபோயிற்று, நேரு எடுத்துக்கொடுத்தார். பிறகு நேரு, புதிய அமைச்சர்களின் பட்டியல் இது என்று சொல்லி ஓர் உறையை மிகுந்த மரியாதையோடு கொடுத்தார். அவர்கள் போன பிறகு திறந்து பார்த்தால் உறைக்குள் ஒன்றுமே இல்லை. அந்த நாளின் அவசரத்தில் யாரோ காகிதத்தை வைக்க மறந்திருக்கிறார்கள். இதைக் கேட்டு ஒரு மாணவன் சிரித்தால் நேருவின் மதிப்பு குறைந்துவிடாது. தூக்கமில்லாமல், பஞ்சாப் எரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், ஒரு நாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர்கள் அவர்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அன்றையதையும் இன்றையதையும் ஒரே வரிசையில் வைக்கலாமா?

வைக்கத்தான் வேண்டும். ஏனென்றால் நாம் இன்று புதிதாகச் சண்டை போடுகிறோம் என்று நினைப்பவற்றில் பாதி, அன்று பேசி முடிக்காமல் நமக்கு விட்டுவைக்கப்பட்டவை. 2023 ஜூலையில் பெங்களூருவில் எதிர்க்கட்சிகள் கூடி, எழுத்துகளைக் கோத்தால் 'இந்தியா' என்று வரும்படி தங்கள் கூட்டணிக்குப் பெயர் வைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஜி20 விருந்துக்கான ஆங்கில அழைப்பிதழில் 'பாரதத்தின் குடியரசுத் தலைவர்' என்று அச்சாகி வந்தது. தொலைக்காட்சிகளில் வேறு பேச்சே இல்லை. 1949 செப்டம்பர் 18 அன்று சபையில் நடந்ததை அவர்களில் ஒருவராவது எடுத்துப் படித்திருந்தால் அந்த நிகழ்ச்சிகள் எவ்வளவு சுவையாக இருந்திருக்கும்! அன்றும் காமத்தான். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நடப்பதைப் போலத்தான் இதுவும் என்று தொடங்கி, பாரதம், ஹிந்துஸ்தான், ஹிந்த், பாரதபூமி, பாரதவர்ஷம் என்று பெயர்களை அடுக்கினார். அம்பேத்கர் பொறுமையிழந்து, இதெல்லாம் இப்போது தேவையா, செய்யவேண்டிய வேலை நிறையக் கிடக்கிறதே என்று குறுக்கிட்டார். பாரதம் என்பதை முன்னால் வைத்து, ஆங்கிலத்தில் இந்தியா என்று சொல்லலாம் என்பது காமத்தின் திருத்தம். ஆதரவு 38, எதிர்ப்பு 51. தோற்றது. 'இந்தியா, அதாவது பாரதம்' என்று இரண்டு பெயர்களும் முதல் பிரிவின் முதல் வரியிலேயே இடம்பெற்றன. இரண்டு பெயருக்கும் உரிமை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் அந்தக் கட்டுரையில் சொல்ல விரும்பினேன்.

ஒரே நாடு, ஒரே தேர்தல் என்று 2024 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. எப்போதும் எங்காவது ஒரு தேர்தல் நடந்துகொண்டே இருக்கிறதே என்பதுதான் அதன் அடிப்படைக் கவலை. 1949 ஜூன் 15 அன்று, தேர்தல் ஆணையம் நிரந்தர அமைப்பாக இருக்க வேண்டுமா என்ற விவாதத்தில் சக்சேனா இதையே முன்கூட்டிச் சொன்னார்: நம் அமைப்பில் குறித்த தேதியில் எல்லா இடத்திலும் தேர்தல் வராது, ஏதாவது ஒரு மாகாணத்தில் எப்போதும் தேர்தல் நடந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஆணையத்துக்கு வேலை எப்போதும் இருக்கும் என்பது அவர் எடுத்த முடிவு. அதே உண்மையிலிருந்து இன்று நேரெதிரான முடிவு எடுக்கப்படுகிறது. இரண்டில் எது சரி என்று உங்கள் மாணவர்கள் ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்.

மறுநாள், ஜூன் 16 அன்று, அம்பேத்கர் சொன்னதை நான் சிரித்துக்கொண்டு படிக்கத் தொடங்கிச் சிரிப்பு நின்றுபோய் முடித்தேன். தேர்தல் ஆணையரைப் பதவியிலிருந்து எளிதில் நீக்க முடியாதபடி பாதுகாப்புக் கொடுக்கிறோம், சரி. ஆனால் ஒரு முட்டாளோ, ஓர் அயோக்கியனோ, ஆட்சியாளர்களின் கைப்பிடிக்குள் இருக்கக்கூடிய ஒருவரோ அந்தப் பதவிக்கு வருவதைத் தடுக்க இந்தச் சட்டத்தில் வழி இல்லையே என்று அவரே எழுந்து சொன்னார். தான் கொண்டுவந்த பிரிவின் ஓட்டையைத் தானே சுட்டிக்காட்டினார். நியமன முறையை நாடாளுமன்றம் சட்டமாக்கிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 70 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சட்டம் வரவில்லை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவின் பரிந்துரைப்படி நியமிக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது. தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் தேர்ந்தெடுக்கும் ஒரு மத்திய அமைச்சர். மூவரில் இருவர் ஆளும் தரப்பு. அம்பேத்கரின் கவலைக்கு இது பதில் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதே கருத்துதான்.

ஆளுநர்களைப் பற்றியும் 1949இல் பேசினார்கள். ஆளுநர் தம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன பாதுகாப்பு என்று காமத் கேட்டார். ஆளுநரின் விவேகமும் அவரை நியமிப்பவரின் விவேகமும்தான் பாதுகாப்பு என்று பி.எஸ். தேஷ்முக் பதில் சொன்னார். ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த தமிழ்நாட்டின் 10 மசோதாக்களைப் பற்றிய வழக்கில், மசோதாக்கள் மீது முடிவெடுக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வகுத்தது. நவம்பரில், குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு இயலாது என்றது. ஆக, காமத் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

மதுவிலக்கு விவாதத்தில், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் தலைவரும் ஆதிவாசிகளின் பிரதிநிதியுமான ஜெய்பால் சிங், சந்தால் மக்களுக்கு அரிசிக் கள் கிடைக்காவிட்டால் மேற்கு வங்கத்தில் நெல் நடவே நடக்காது என்றார். மொழி விவாதத்தில் எண்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதற்காகவே பெரும் போராட்டம் நடந்தது. தென்னாட்டு உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்காததால்தான் 343ஆம் பிரிவில், இந்தியோடு 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்ற சொற்கள் ஏறின. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்து வந்ததும் நாடே கொதித்ததைப் பார்த்தவர்களுக்கு, எண்களுக்காக அன்று அவ்வளவு சண்டை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

அன்று மேதைகள், இன்று சிறியவர்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அரசியல் நிர்ணய சபையில் பெண்கள் 15 பேர்தான். உறுப்பினர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதிகளால் வாக்குரிமை பெற்ற ஒரு சிறுபான்மையினர். கூலி வேலை செய்த ஒரு பெண் அந்தச் சபைக்காக வாக்களித்திருக்க முடியாது. இன்றைய மக்களவை உறுப்பினர் எவ்வளவு கூச்சல் போடுபவராக இருந்தாலும், அந்தப் பெண்ணின் பேத்தியிடம் கைகூப்பி வாக்குக் கேட்டுத்தான் டெல்லிக்குப் போயிருக்கிறார். அந்தத் தகுதியை அவருக்கு வாங்கிக்கொடுத்தவர்கள் அந்தச் சபையினர்தான். ஆனால் அந்தத் தகுதி அவர்களுக்கே அன்று இல்லை. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

எனக்குக் கண்ணில் படுகிற வேறுபாடு அறிவில் இல்லை. எதிராளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இருக்கிறது. அந்தச் சபைக்கு 7,635 திருத்தங்கள் வந்தன. அவற்றில் 2,473 முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டன. மொத்தம் 165 நாட்கள் கூடினார்கள். காங்கிரஸுக்கு அங்கே அசைக்க முடியாத பெரும்பான்மை. நினைத்திருந்தால் கொறடாவை வைத்துச் சில வாரங்களில் முடித்திருக்கலாம். நிறைவுரையில் அம்பேத்கர் இதைத்தான் சொன்னார்: எல்லா உறுப்பினர்களும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கியிருந்தால் இந்தச் சபையின் நடவடிக்கைகள் மிகவும் சலிப்பாக இருந்திருக்கும், நல்லவேளையாகச் சில கலகக்காரர்கள் இருந்தார்கள். காமத், தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாக்கூர் தாஸ் பார்கவா, கே.டி. ஷா, குன்ஸ்ரு என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நன்றி கூறினார். அவர்களுடைய யோசனைகளை நான் ஏற்கவில்லை என்பதால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது என்றார். அவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளை விளக்கும் வாய்ப்பே எனக்குக் கிடைத்திருக்காது, சட்டத்தை இயந்திரம் போல நிறைவேற்றுவதைவிட அதுவே முக்கியம் என்றார்.

தன் வேலையைத் தாமதப்படுத்தியவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்து நன்றி சொல்லும் ஓர் அமைச்சரை இன்று காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மேலே சொன்ன தேர்தல் ஆணையர் நியமனச் சட்டம் அந்தக் கூட்டத்தொடரில்தான் நிறைவேறியது. 1989 மார்ச்சில் காங்கிரஸ் ஆட்சியில் ஒரே நாளில் 63 பேர் மக்களவையிலிருந்து நீக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். எந்தத் தரப்பு செய்தாலும், காலியான இருக்கைகளுக்கு முன்னால் நிறைவேறும் சட்டத்தின் கொள்கையை விளக்க அமைச்சருக்கு வாய்ப்பு வருவதில்லை. கேட்பதற்குக் காமத்துகள் அங்கே இல்லை.

மூன்றாவது கேள்விக்கும் காமத்தை வைத்தே பதில் சொல்கிறேன். அவரை வைத்துச் சபை சிரித்தது உண்மை. திருத்தம் மேல் திருத்தம் கொடுத்து, பெரும்பாலானவற்றில் தோற்றவர். உங்கள் நாடகத்திலும் அவருக்குத்தான் அதிகக் கைத்தட்டல் கிடைத்திருக்கும். ஆனால் மாணவர்களிடம் 1949 ஆகஸ்ட் மாதத்தையும் சொல்லுங்கள்.

அந்த மாதம் நெருக்கடி நிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தன. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால், அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமையையே குடியரசுத் தலைவர் நிறுத்திவைக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. இன்றைய 359ஆம் பிரிவு. இந்த நெருக்கடி நிலைப் பிரிவுகள்தான் அரசியலமைப்பின் உயிர்மூச்சு என்றார் அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யர். சென்னை தந்த மாபெரும் சட்ட அறிஞர் அவர். காமத் தனியாளைப் போல நின்று எதிர்த்தார். வேறெந்த ஜனநாயக நாட்டிலும் இதைப் போன்ற அத்தியாயம் இல்லை, இதற்கு மிக அருகில் வருவது ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பு, அதை வைத்துத்தான் ஹிட்லர் சர்வாதிகாரத்தைக் கொண்டுவந்தான் என்று எச்சரித்தார். இந்த ஒரே அத்தியாயத்தால் ஒரு போலீஸ் ராஜ்ஜியத்துக்கு அடித்தளம் போடுகிறோமோ என்று அஞ்சுகிறேன் என்றார். பிரிவு நிறைவேறியது. "துயரமும் அவமானமும் நிறைந்த நாள் இது. கடவுள் இந்திய மக்களுக்கு உதவட்டும்" என்றார். அக்டோபரில் கடவுளை அழைத்தபோது சிரித்தவர்கள், இரண்டு மாதத்துக்கு முன் அவர் எதற்காகக் கடவுளை அழைத்தார் என்பதை நினைத்திருப்பார்களா?

26 ஆண்டுகள் கழித்து, 1975 ஜூன் 25 அன்று உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணம் காட்டி நெருக்கடி நிலை வந்தது. 359ஆம் பிரிவின்படி ஆணையும் வந்தது. சட்டவிரோதமாக ஒருவரை அடைத்துவைத்தாலும் அவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1977 தேர்தலுக்குப் பிறகு வந்த ஆட்சியில், 1978ஆம் ஆண்டு 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உள்நாட்டுக் குழப்பம் என்ற சொற்கள் நீக்கப்பட்டு ஆயுதக் கிளர்ச்சி என்று மாற்றப்பட்டன. உயிர் வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்று 359ஆம் பிரிவிலேயே எழுதிச் சேர்த்தார்கள். அந்த மக்களவையில் ஹோஷங்காபாத் தொகுதியின் ஜனதா கட்சி உறுப்பினராக ஹரி விஷ்ணு காமத் இருந்தார்.

முதல் வாக்கைப் போடப்போகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு காமத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மதிப்பு எப்படி வரும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. விவாதங்கள் முழுவதும் மக்களவையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் மாத விவாதங்கள் ஒன்பதாம் தொகுதியில் இருக்கின்றன, அக்டோபர் 17 பத்தாம் தொகுதியின் கடைசி நாள். ஆங்கிலம் சற்றுக் கடினம்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு நாளுக்கு இரண்டு பக்கம் வீதம் நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம். எங்காவது தடங்கினால் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்.